இரண்டு சேவயர் வீடுகள்

“…கல்லு நட்டவன் கையெழுத்து வைச்சால்தான் அது காணி. இல்லாட்டி வெறும் பத்தை, முயல் ஓடுற இடம். மன்னார்ப் பெருநிலத்திலை அந்தக் கையெழுத்து எங்கடை பூட்டன்ரை, விளங்குதே அண்ணை?” என்று கேட்டபடி பெனடிக்ற் என் தட்டில் இன்னொரு நண்டுக்காலை வைத்தார்.

சிட்னியில் நார்த்மீட் என்ற இடம், அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசை. எனக்கு நன்றாகவே விளங்கியது. அதுதான் கரைச்சல். தீவுக்கு அக்கரையில் இருக்கும் பெருநிலத்துக் காடுகளை அளந்து கல்லு நட்ட முதல் சேவயர் சந்தியோகு என்னுடைய பூட்டன். மன்னார்த் தீவில் எங்கள் வீட்டுக்குச் சேவயர் வீடு என்றுதான் பெயர், தபால்காரர் இலக்கம் பார்ப்பதில்லை. அதே ஆள் இங்கே இவருக்கும் பூட்டனாக இருக்க ஒரு வழிதான் உண்டு. அந்த வழியை நினைத்ததும் நண்டுக்காலைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

கதையை மெல்பேர்னில் இருந்து சொல்லவேண்டும்.

என் தம்பி அருள் படிக்கவென்று ஆஸ்திரேலியா போனவன், அங்கேயே வேர் விட்டுவிட்டான். நான் மன்னாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தோடு எனக்கு அவ்வளவு ஒத்துவரவில்லை. சனத்தோடு கதைத்துக் கதைத்துப் படித்ததுதான் என் படிப்பு. யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் செயின் மாட்டிக்கொண்டே சொல்லிவிடுவேன். அருளின் மகள் ஷாமினியும் பெனடிக்றின் மகன் கெவினும் கிளேட்டனில் ஒரே வளாகத்தில் படித்தபோது விரும்பிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் மன்னார், இரண்டு பக்கமும் கத்தோலிக்கம். சிட்னிக்காரர் மெல்பேர்ன் வந்து பெண் பார்த்து, கேக் வெட்டி, எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு ஞானஸ்நான விருந்தில் அருளின் மனைவி ரெஜினா யாரோ சொல்லக் கேட்டாள்: “சிட்னி பெனடிக்ற் ஆக்கள் சும்மா ஆக்களில்லை, சேவயர் பரம்பரை.”

எங்களில் மாமன் மகனையும் மச்சாளையும் கட்டலாம், சந்தோசமாகக் கட்டுவோம். அண்ணன் தம்பி வழி வந்த பிள்ளைகள் மட்டும் எத்தனை தலைமுறை தள்ளிப்போனாலும் சகோதரங்கள்தான். பெனடிக்றும் அதே சேவயரின் ஆண்வழி என்றால் அவர் எனக்கும் அருளுக்கும் தம்பி. கெவின் ஷாமினிக்கு அண்ணன். தாலி எடுக்கும் கதை அத்தோடு முடிந்தது.

அருள் போனில் அழாத குறை. “அண்ணை, ஒருக்கா வந்து முறை பார்த்துச் சொல்லு. இது போனிலை விசாரிக்கிற விசயமில்லை.”

போனேன். விமானநிலையத்தில் இறங்கியதும் முதல் சந்தேகம் என்மேலேயே விழுந்தது. சீருடைப் பெண் ஒருத்தி என் பெட்டியில் இருந்த, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை எடுத்து, இது என்ன மரம் என்று கேட்டாள். சாப்பாடு என்றேன். நம்பவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்துக் காட்டினேன், அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வரிசையும் திரும்பியது. அவள் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவர் முகர்ந்து பார்த்தார், இருவரும் ஏதோ பேசினார்கள். கடைசியில் பொட்டலத்தைத் திருப்பித் தந்துவிட்டு, பல் பத்திரம் என்று சொன்னார்களாம். பின்னால் நின்ற பையன் மொழிபெயர்த்தான்.

அருள் வீடு கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடிகிற இடத்தில். தூங்கிவிட்டாலும் பயமில்லை, அதற்கு அப்பால் கொண்டுபோக ரயிலுக்கு வழியில்லை என்று ரெஜினா சொல்லித்தந்தாள். அதை நம்பித் தனியாகப் போய்வரப் பழகினேன். ஒருநாள் பாதையில் திருத்த வேலை, ரயிலுக்குப் பதில் பஸ் என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கூட்டத்தின் பின்னால் போய் ஏறினேன். அது வேறு எங்கோ போகிற பஸ். ஒரு பெரிய கடைத்தொகுதியைச் சுற்றிக் காட்டிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கியது.

அருளின் தெருவில் ஒரு வேடிக்கை. இந்தப் பக்க வீடுகள் பேர்போன ஒரு பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள், எதிர்ப் பக்க வீடுகள் வெளியே. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரிப் புல்லு. விலை மட்டும் வேறு. தெருவில் நாயோடு போன இரண்டு பெண்கள் எதிர்ப்பக்கத்தைக் காட்டிக் கதைத்ததை ரெஜினா கேட்டுச் சொன்னாள்: அந்தப் பக்கத்துக்கு எதிர்காலம் இல்லையாம். எங்கள் பூட்டன் காட்டுக்குள் கல்லு நட்டார், அதனால் சில பேர் காணிக்காரர் ஆனார்கள், சில பேர் ஆகவில்லை. இங்கே கல்லுகூட இல்லை, யாரோ மேசையில் கோடு கீறினால் போதும்.

ஷாமினி என்னைக் கிளேட்டனுக்குக் கூட்டிப்போய்க் கொத்துரொட்டி வாங்கித்தந்தாள். எங்கள் ஊர்க் கொத்துதான், ஆனால் இங்கே தட்டும் சத்தம் இல்லை. சத்தம் இல்லாத கொத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டேன்.

“பெரியப்பா, லோவிலை இதொண்டும் பிரச்சினை இல்லை,” என்றாள். “சர்ச் ஃபாதரும் ஓகே எண்டிட்டார். தேர்ட் கசின்கூட இல்லை, அதிலும் பூட்டி வேறை, பாதிதான். ஹாஃப்.”

சட்டமும் கோயிலும் விட்டாலும் உன் அப்பா விடமாட்டானே என்றேன். அப்பா வராவிட்டால் தாங்கள் இரண்டு பேரும் போய்க் கலியாணப் பதிவு எழுதிவிடுவோம் என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கரண்டியால் கொத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“ஆனால் அப்பா வரவேணும் பெரியப்பா.”

அப்படித்தான் நான் சிட்னிக்குக் கிளம்பினேன். கிளம்பும்போதே அருளுக்கும் எனக்கும் ஒரே பயம்தான், இருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. பூட்டனார் மாதக்கணக்கில் பெருநிலத்தில் கூடாரம் அடித்து நின்றவர். நானாட்டான் பக்கம்தான் கூட நாள் நின்றாராம், பெனடிக்றின் ஆட்களும் நானாட்டான்தான். எங்கள் அப்பா எப்போதாவது வாய் தவறி, “அப்புவின்ரை தகப்பன் கல்லு நட்ட இடமெல்லாம்…” என்று தொடங்குவார். அம்மா ஒருதரம் திரும்பிப் பார்ப்பா. மிச்சம் வராது. அந்த மிச்சத்தைத் தேடித்தான் நான் நார்த்மீட்டுக்குப் போனேன்.

பெனடிக்ற் காரோடு வந்து ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். வேண்டாம், பின்னேரம் நானே வாறன் என்று சொல்லிவிட்டு மத்தியானமே போனேன். சொன்ன நேரத்துக்கு முன்பு போனால் வீடு உண்மை பேசும், இது என் கடைப் படிப்பு. பரமட்டாவில் பஸ் ஏறினேன். இறங்குகிற எல்லோரும் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவதைப் பார்த்து, நானும் என் நிறுத்தம் வந்ததும் சத்தமாக நன்றி சொன்னேன். பஸ் நிற்கவில்லை.

பக்கத்தில் இருந்த மலேசியத் தமிழ் அம்மா சிரித்துவிட்டார். “பெல் அமுக்கணும் லா, அங்கிள். தேங்க்யூ எல்லாம் அப்புறம்.” எங்கே போகிறேன் என்று கேட்டார். பெனடிக்ற் வீடு என்றேன். “ஓ, அந்த சர்வேயர் ஃபேமிலியா? சர்ச்சில சொல்லுவாங்களே.” பஸ்ஸில் அறிமுகமில்லாத ஒருத்தருக்கே தெரிந்திருக்கிறது. என் சந்தேகம் இன்னும் ஒரு சுற்று இறுகியது.

வீட்டின் பின்வளவுக்குப் போனபோது பெனடிக்றும் அவர் மனைவி ஸ்ரெல்லாவும் காய்ந்த படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். பெனடிக்ற் தன் பக்கத்தை இழுத்து நிமிர்த்தி, “முனை பிடிச்சாச்சு ஐயா,” என்று ஒரு ராகத்தோடு சொன்னார். ஸ்ரெல்லா சிரிக்கவுமில்லை, நிமிரவுமில்லை. அந்த வீட்டில் அது எப்போதும் சொல்கிற பேச்சு என்று தெரிந்தது. பிறகு என்னைக் கண்டு இருவரும் விரிப்பைக் கீழே விட்டார்கள்.

அவர்களுக்கும் என்மேல் சந்தேகம்தான். ஸ்ரெல்லா குசினியில் இருந்து தேத்தண்ணியோடு வந்து, கதிரையை எனக்கு நேரே போட்டு உட்கார்ந்துகொண்டா. ஊரில் யாரைக் கண்டேன், எத்தனை நாள் நிற்பேன் என்றெல்லாம் கேட்டுவிட்டு, “எங்களைப் பற்றி விசாரிக்கவோ வந்தனீங்கள்?” என்றா நேராகவே. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தனான் என்றேன். அவ என் பையைப் பார்த்தா. புழுக்கொடியல் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். கொஞ்சம் இளகினா.

சாப்பாட்டின்போதுதான் அந்த நண்டும் கையெழுத்துக் கதையும். பெனடிக்றுக்கு அந்தக் கதையில் அலுப்பே இல்லை. பூட்டனார் முட்பத்தைக்குள் நடந்தது, அட்டை கடித்தது, தண்ணீர் இல்லாமல் வில்லுக் குளத்துச் சேற்றைத் துணியில் வடித்துக் குடித்தது, யானைக்கு ஓடியது. நன்றாகச் சொன்னார், நானும் என்னை மறந்து கேட்டேன். கேட்டு முடிந்த பிறகுதான் ஏதோ இடறியது. எங்கள் வீட்டுச் சேவயர் கதைகளில் பூட்டனார் ஒரு கண்ணை மூடிக் கருவிக்குள் பார்ப்பார், தூரத்தில் நிற்கிறவனை ஏசுவார், இரவில் படம் கீறுவார். இவர் கதையில் கண்ணே இல்லை. எல்லாம் கால்.

பூட்டனாரின் பெயர் என்ன என்று கேட்டேன்.

“ஊரிலை எல்லாரும் சேவயர் எண்டுதான்,” என்று சொல்லிப் பருப்பைப் பரிமாறினார்.

பூட்டனின் பெயர் தெரியாமல் இருப்பது பெரிய குற்றமில்லை. ஆனால் வைத்தியர், விதானையார், சேவயர் பரம்பரை என்று சொல்லித் திரிகிறவர்களுக்குப் பெயர்தான் முதலில் தெரிந்திருக்கும். மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். சந்தியோகு என்று சொன்னால் நான் பிடித்துக்கொள்வேன் என்று பயப்படுகிறார், அவருக்கு முறை தெரியும், தெரிந்துகொண்டுதான் கலியாணத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார். அன்று முழுக்க இப்படியே நினைத்துக்கொண்டு அவர் தந்த ஐஸ்கிரீமையும் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை கெவின் என்னை நடக்கக் கூட்டிப்போனான். நல்ல பிள்ளை. தமிழ் விளங்கும், பதில் இங்கிலீஷில் வரும், நான் முகத்தைச் சுருக்கினால் தமிழுக்கு வருவான். ஒரு தெருமுனையில் செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் முக்காலியில் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேவயர்! கண்டதும் கிட்டப் போனேன். ஆனால் அவள் ஒருத்திதான் நின்றாள்.

மற்ற முனையை யார் பிடிப்பது என்று கேள் என்றேன். கெவின் கேட்டான். அவள் சிரித்துச் சொன்னதை அவன் இப்படிச் சொன்னான்: “இப்ப ஒருத்தரும் பிடிக்கிறதில்லையாம், அங்கிள். மெஷின் தானாய்ப் பார்க்குமாம். முந்தி அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள் ஒருத்தர் கூடப் போவாராம். நடக்கிறது, பத்தை வெட்டுறது, கடி வாங்கிறது எல்லாம் அவராம். பேர் சேவயருக்காம்.” அவளுடைய முதலாளியின் காலத்தில்கூட அப்படி ஒருவர் இருந்தாராம், அந்தச் சங்கிலிக்காரரின் பெண்சாதி கடைக்குப் போனால் கடைக்காரன் சேவயர் அம்மா என்றுதான் கூப்பிடுவானாம்.

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். மன்னாரில் எங்கள் கடைக்கு நேர் எதிர் வீடு டொக்டர் வீடு. அந்த வீட்டில் டொக்டர் யாரும் இருந்ததில்லை. இருந்தவர் டொக்டரின் கார் ஓடியவர். காருக்குப் பெயர் டொக்டர் கார், கார் நின்ற வீட்டுக்குப் பெயர் டொக்டர் வீடு, இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் டொக்டர் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் சனம் அப்படித்தான் பெயர் வைக்கும். இது எனக்கு மெல்பேர்னிலேயே தோன்றியிருக்கவேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு பேச்சு உண்டு. பிள்ளைகள் வேலையில் அசந்தால் அப்பா ஏசுவார்: “கொடியை நட்டுப்போட்டு நித்திரையோ?” அது சேவயர் தூரத்தில் அளவுக்கொடியோடு நின்ற தன் ஆளை ஏசிய ஏச்சு, பரம்பரையாக வந்து எங்கள் முதுகில் விழுந்தது. பெனடிக்ற் வீட்டில் விரிப்பு மடிக்கும்போது கேட்டதோ அந்த ஏச்சுக்குப் பதில்.

பின்னேரம் ஸ்ரெல்லா கோயிலுக்குப் போன நேரம் பின்வளவில் பெனடிக்றோடு உட்கார்ந்தேன். வெள்ளைக் கொண்டைக்கிளிகள் வேலியில் இருந்து கத்தின. நான் சுற்றி வளைக்கவில்லை. உங்கள் பூட்டனும் என் பூட்டனும் ஒரே சேவயர் என்றால் நீங்கள் என் தம்பி, பிள்ளைகள் சகோதரங்கள் என்றேன். அவர் முகம் இருண்டது. உண்மையாகவே அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயம் இல்லை.

“கலியாணம் குழப்பத்தான் ஊரிலை இருந்து வந்தனீங்களோ?”

ஒப்பேற்ற வந்தேன் என்றேன். இன்னொரு வழி இருக்கிறது என்று சொல்லி, டொக்டர் வீட்டுக் கதையைச் சொன்னேன். தெருவில் கண்ட பெண்ணைச் சொன்னேன். பிறகு கேட்டேன்: “விரிப்பு மடிக்கேக்கை ‘முனை பிடிச்சாச்சு ஐயா’ எண்டு சொன்னியள். ஆரைப் பார்த்து ஐயா?”

“அப்பா சொல்லுவார். அவரின்ரை அப்பாவும் சொல்லுவாராம்.”

“காட்டுக்குள்ளை சேவயருக்கு மேலை ஆர் ஐயா இருந்தது?”

பக்கத்து வீட்டில் புல்லு வெட்டும் இயந்திரம் ஓடி நின்றது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். அவருடைய அப்பா இந்தச் சேவயர் பேச்சைச் சபையில் ஒருநாளும் எடுத்ததில்லையாம். எடுத்தது இவர்தான். சிட்னிக்கு வந்த புதிதில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது, வீட்டுக்காரக் கிழவன் உன் ஆட்கள் என்ன தொழில் என்று கேட்டானாம். வாயில் வந்தது சேவயர். கிழவன் கைகொடுத்தான், வீடும் கொடுத்தான்.

“அதிலை இருந்து சொல்லிக்கொண்டு வாறன் அண்ணை. மகனை எஞ்சினியரிங் படிக்க விட்டதுகூட அதைச் சொல்லித்தான்.”

வேலியில் இருந்த கிளிகளைப் பார்த்தபடி, “ஓம், சங்கிலி பிடிச்ச ஆளாய்த்தான் இருக்கும்,” என்றார்.

எனக்கு உடனே அடுத்த சந்தேகம். இத்தனை வருசப் பெருமையை ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு மனிதன் விடுவானா? மகனுக்காக உண்மையான பூட்டனைத்தான் கைவிடுகிறாரோ? என்னையும் நான் நம்பவில்லை. சங்கிலிக்காரர் கதை நிலைத்தால் என் பூட்டனுக்கு நானாட்டானில் இன்னொரு குடும்பம் இல்லை, அவருடைய பெயர் சுத்தம், அப்பாவின் சொல்லாத மிச்சமும் அங்கேயே கிடக்கும். எனக்கு வசதியான உண்மையைத்தான் நான் கண்டுபிடித்திருக்கிறேன். இதை அவரிடம் சொன்னேன்.

பெனடிக்ற் முதன்முறை என்னைப் பார்த்துச் சிரித்தார். “உங்களுக்குச் சேவயர் எண்டாலும் சந்தேகம், இல்லையெண்டாலும் சந்தேகம். ஐயா எண்டு சொன்னது எங்கடை வீட்டு வாய். அதை நான் கட்டிவிடேல்லை. அது போதும்.”

சரி, என் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“அருளுக்கு மட்டும் சொன்னால் கலியாணத்துக்காகச் சோடிச்ச கதை எண்டுவினம், பிள்ளையளுக்குத்தான் கேவலம். நான் எங்கை பெருமையடிச்சனானோ, அங்கை சொல்லவேணும்.”

அவர் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். சிட்னியில் இருக்கிற மன்னார்க்காரர் எல்லோரும் இருக்கும் குழுவைத் திறந்து, குரல் பதிவு செய்கிற அடையாளத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தால் பேச்சு எல்லோருக்கும் போய்விடும், ஒரு பக்கம் இழுத்தால் அழிந்துவிடும். இது எனக்கும் தெரியும், என் கடைப் போனிலும் அப்படித்தான்.

“வணக்கம், பெனடிக்ற் கதைக்கிறன். ஒரு திருத்தம். என்ரை பூட்டனார் சேவயர் இல்லை. சேவயர் சந்தியோகுவுக்குச் சங்கிலி பிடிச்சவர். அவரின்ரை பேர் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.”

அத்தோடு பேச்சு முடிந்தது. விரல் மட்டும் எடுபடவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது, கொண்டைக்கிளிகள் அதற்குள் கத்தின. பெருவிரல் ஒரு பக்கமாக மெல்லச் சாய்வதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கெவினின் அறை யன்னலைப் பார்த்தார், விரலை எடுத்தார்.